முள் அசையவே இல்லை

எனக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவு முழுக்க நீச்சல் குளத்தைப் பற்றித்தான், படித்துவிட்டு யாராவது "தினமும் எவ்வளவு நேரம் நீந்துவீங்க?" என்று கேட்டால் எனக்குக் கூச்சமாகிவிடும். வைகைக் கரையில் பிறந்தும் நீச்சல் படியாதவள் நான். மானாமதுரைப் பக்கம் ஆற்றில் நீந்துகிற அளவுக்குத் தண்ணீர் ஓடுவதே வருஷத்தில் சில வாரம்தான். அந்தச் சில வாரமும் பெண்பிள்ளைகளை ஆற்றுப் பக்கம் விடமாட்டார்கள்.

இப்போது இருப்பது சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில், 96 வீடுகள் உள்ள குடியிருப்பு. சங்கத்துக்குப் புதுக் குழு அமைத்தபோது ஜெனரேட்டர், லிஃப்ட், செக்யூரிட்டி எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தது. நீச்சல் குளம் என்றதும் எல்லாரும் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். "மேடம் பேங்க்ல 31 வருஷம் இருந்தவங்க, கணக்கா பார்த்துக்குவாங்க" என்று யாரோ சொன்னார்கள். கைதட்டலோடு என் தலையில் விழுந்தது.

பொறுப்பேற்ற இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே தண்ணீர் கலங்கிவிட்டது. பச்சை இல்லை, சேறு இல்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. நாலடி ஆழத்தில் அடி டைல்ஸ் தெரியவில்லை. அடி தெரியாத குளத்தில் யாரையும் இறக்கக் கூடாது, மூழ்கிக் கிடப்பவர் இருப்பதே மேலிருந்து தெரியாது என்கிற ஒரு விதி மட்டும் எனக்கு அன்றைக்கே தெரியும். கதவைப் பூட்டினேன். வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அத்தனை யோசனையும் ஒன்றுதான்: குளோரின் போடுங்க.

போட்டோம். எங்கள் பம்ப் ரூமில் அப்போது குளோரின் என்ற பெயரில் இருந்தது பிளீச்சிங் பவுடர் மூட்டை. மறுநாள் தண்ணீர் இன்னும் வெளுத்தது. இன்னும் போட்டோம். இன்னும் வெளுத்தது. மூன்றாம் நாள் குளம் முழுக்க மோர் ஊற்றி வைத்த மாதிரி இருந்தது.

பிற்பாடுதான் புரிந்தது. பிளீச்சிங் பவுடரில் குளோரின் சுமார் மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சரக்கு. அது கரையாது. போதாததற்குத் தண்ணீரின் பிஎச் அளவையும் ஏற்றிவிடும். பிஎச் ஏறினால் போர் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கிற சுண்ணாம்பும் வெளியே வந்து மிதக்கும். அதைவிட மோசம், பிஎச் 7.5-ல் இருக்கும்போது போட்ட குளோரினில் பாதி வேலை செய்யும் என்றால் 8.5-ல் பத்தில் ஒரு பங்குதான் வேலை செய்யும். மருந்தைப் போடப் போட நோய் கூடியது, மருந்தின் வீரியமும் குறைந்தது. நாங்கள் மூட்டை மூட்டையாகச் செய்த வைத்தியம் இதுதான்.

குளத்தைப் பராமரிக்க ஒரு தம்பி வருவார். விழுப்புரம் பக்கம் ஊர், 24 வயது, நல்ல உழைப்பாளி. "ஃபில்டர் எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"சூப்பரா இருக்கு மேடம். தினமும் அஞ்சு நிமிஷம் பேக்வாஷ் விடுறேன். ஒருநாள்கூட தவறினது இல்ல. பிரஷரும் கரெக்டா ஒரு கிலோ நிக்குது."

பம்ப் ரூமுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். நாலு படி கீழே இறங்க வேண்டும். உருண்டையான ஃபைபர் தொட்டி, அதன் தலையில் கைப்பிடி வைத்த வால்வு, பக்கத்தில் கடிகாரம் மாதிரி பிரஷர் கேஜ். முள் ஒன்றில் நின்றது. திருப்தியாகத்தான் இருந்தது. கிளம்பும்போது தம்பி மோட்டாரை நிறுத்தினார். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். மோட்டார் நின்றுவிட்டது, சத்தம் அடங்கிவிட்டது, முள் அதே ஒன்றில் நிற்கிறது.

எத்தனை மாதமாகவோ அந்த கேஜ் செத்துப்போய்க் கிடந்திருக்கிறது. தினமும் நோட்டில் "பிரஷர் 1.0" என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்! வங்கியில் இப்படி ஒரு பேரேட்டைப் பார்த்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

இனி ஃபில்டர் என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு இது சட்டென்று பிடிபட்டதற்குக் காரணம் வைகை. கோடையில் ஆறு வறண்டுவிட்டால் மணலில் ஊற்றுத் தோண்டுவோம். முழங்கை ஆழம் போனதும் தண்ணீர் கசியும். முதலில் வருவது கலங்கல். அதைச் சிரட்டையால் இறைத்து வெளியே கொட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று முறை இறைத்த பிறகு தெளிந்து வரும். அந்தத் தண்ணீரைத்தான் குடத்தில் மொள்வோம். எங்கள் பம்ப் ரூமில் இருக்கும் ஃபைபர் தொட்டிக்குள் இருப்பதும் மணல்தான். அரை மில்லிமீட்டர் அளவில் சலித்தெடுத்த சிலிக்கா மணல், அதற்கு அடியில் கூழாங்கல், அதற்குள் கீறல் போட்ட குழாய்கள். அவற்றுக்கு லேட்டரல் என்று பெயர். குளத்துத் தண்ணீரை மோட்டார் மேலிருந்து மணலில் இறக்கும். அழுக்கு மணல் இடுக்கில் தங்கும், தண்ணீர் லேட்டரலின் கீறல் வழியே குளத்துக்குத் திரும்பும்.

அழுக்குச் சேரச் சேர இடுக்கு அடைபடும். தண்ணீர் இறங்கத் திணறும். தொட்டிக்குள் அழுத்தம் ஏறும். முள் காட்டுவது இதைத்தான். முள் ஏறினால் பேக்வாஷ். வால்வைத் திருப்பி, தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டு, மணலைக் கிளப்பி, அழுக்கைச் சாக்கடைக்கு அனுப்புவது. அதன் பிறகு அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ ரின்ஸ். கலைந்த மணல் மறுபடி படியும்வரை வருகிற கலங்கலையும் வெளியே தள்ளிவிடுவது. அதாவது, ஊற்றில் முதல் தண்ணீரை இறைத்துக் கொட்டுகிற அதே வேலை. தம்பி ரின்ஸ் விடுவதே இல்லை. "அது தண்ணி வேஸ்ட்டுன்னு பழைய செக்ரட்டரி சொன்னார் மேடம்."

தினமும் பேக்வாஷ் விட்டது மட்டும் தண்ணீர் வேஸ்ட் இல்லையா? அன்று இரவு காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். எங்கள் மோட்டார் மணிக்கு 14,400 லிட்டர் தள்ளும், நிமிஷத்துக்கு 240. ஐந்து நிமிஷத்துக்கு 1,200 லிட்டர். மாதத்துக்கு 36,000. மூன்று லாரித் தண்ணீர். 2019 ஜூனில் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நாலு ஏரியும் வறண்டு கிடந்தபோது ஒரு லாரிக்காக வாசலில் நின்றவர்கள் நாங்கள். அதே வாசல் வழியாக வாங்கிய தண்ணீரைத்தான் மாதம் மூன்று லாரி அளவுக்குச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தோம்.

சரி, தண்ணீராவது போகட்டும், குளமாவது சுத்தமானதா என்றால் அதுவும் இல்லை. இதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கழுவி வைத்த புது மணல் நன்றாக வடிகட்டாது. அது பிடிப்பது 20 முதல் 40 மைக்ரான் வரையுள்ள துகள்களை. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். அதைவிடப் பொடி நழுவிவிடும். ஆனால் மணலில் கொஞ்சம் அழுக்கு படிந்ததும், அந்த அழுக்கே இன்னும் பொடியான அழுக்கைப் பிடிக்க ஆரம்பிக்கும். சில நாள் ஓடிய ஃபில்டர்தான் நல்ல ஃபில்டர். எங்கள் தம்பி தினமும் காலையில் அந்தப் படிவை ஒழுங்காகக் கழுவி விட்டுக்கொண்டிருந்தார். புதுத் தோசைக்கல்லைப் பழக்கி, பழகிய கல்லைத் தினமும் சபீனா போட்டுத் தேய்த்தால் தோசை எப்படி வரும்?

கேஜை மாற்றினோம். சில நூறு ரூபாய்தான். கிளிசரின் நிரப்பிய கேஜ் வாங்கச் சொன்னார் கடைக்காரர். முள் நடுங்காமல் நிற்கும், அதிர்வில் சீக்கிரம் கெடாது. புது முள் 0.4 காட்டியது. ஃபில்டர் அடைபட்டிருந்தால் ஏற வேண்டிய அழுத்தம் இறங்கியிருந்தது. எங்கேயோ தண்ணீர் சிரமமே இல்லாமல் போகிறது என்று அர்த்தம். பேக்வாஷ் விட்டுப் பார்த்தோம். வால்வில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும், வெளியேறும் தண்ணீரின் நிறம் அதில் தெரியும். பத்தே விநாடியில் தெளிந்தது. குளம் மோர் மாதிரி, ஃபில்டரோ சுத்தம். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது.

இதற்கு நடுவில் இன்னொரு புகார் நெடுநாளாக இருந்தது. யாரும் அதைப் புகாராக எடுத்துக்கொள்ளவில்லை. சின்னக் குழந்தைகள் குளத்தின் மேற்கு மூலையை "பீச்" என்று சொல்வார்கள். தண்ணீர் திரும்பி வருகிற துவாரத்துக்குக் கீழே காலில் மணல் தட்டுப்படும். கூடை கூடையாக அதிலேயே விளையாட்டு. பெரியவர்கள் யாரும் 'நீச்சல் குளத்தில் மணல் எப்படி வந்தது' என்று கேட்கவில்லை. ஃபில்டரின் மணல் குளத்தில் கிடந்தால் பெரும்பாலும் அடியில் லேட்டரல் உடைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த மூலையில் கிடந்தது எங்கள் ஃபில்டரின் வயிறு.

திறக்க முடிவு செய்தோம். மோட்டாரை நிறுத்தி, ஃபியூஸைக் கழற்றி, மேலே இருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்தி, முள் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளாம்பில் கை வைக்க வேண்டும். அழுத்தம் இருக்கும்போது திறந்தால் வால்வு தலையே பறந்து முகத்தில் அடிக்கும். முள் ஒன்றில் சிக்கியிருந்த எங்கள் கதை பரவாயில்லை. பூஜ்யத்தில் சிக்கிய முள்ளை நம்பித் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் முள்ளை மட்டும் நம்பாமல், காற்றுத் திருகிலிருந்து தண்ணீர் சொட்டுவது நிற்கிறதா என்றும் பார்த்தோம்.

உள்ளே மணல் இல்லை, கல் இருந்தது. சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகி, கடப்பாரை நுனியால் குத்தித்தான் உடைக்க முடிந்தது. நடுவில் விரல் நுழையும் அளவுக்குப் பொந்து. குளத்துத் தண்ணீர் மணலுக்குள் இறங்காமல் அந்தப் பொந்து வழியே இறங்கி, உடைந்த இரண்டு லேட்டரல் வழியாகக் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பேக்வாஷும் மணலைக் கிளப்பாமல் அதே பொந்து வழியே ஏறி வெளியே போனது. கண்ணாடிக் குப்பி பத்து விநாடியில் தெளியாமல் என்ன செய்யும்? ஓரத்தில் கோலிக்குண்டு அளவில் எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் சேர்ந்து உருண்ட மண்ணுருண்டைகள். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய்க்கும் அதில் பங்கு உண்டு. குளிக்காமல் குளத்தில் இறங்காதீர்கள் என்று பலகை வைப்பது சும்மா இல்லை.

புது மணல் போடுவதில் ஒரு சண்டை. குழுவில் ஒருவர், "மொட்டை மாடி வேலைக்கு வாங்கின எம்-சாண்ட் மிச்சம் இருக்கே, அதையே போட்டுடலாமே" என்றார். எம்-சாண்ட் கல்லை உடைத்த தூள்; அதில் இருக்கும் பொடி நேரே குளத்துக்குத்தான் வரும். கடல் மணலும் ஆகாது, சலிக்காத ஆற்று மணலும் ஆகாது. எல்லாமே ஒரே அளவு இருப்பதுதான் ஃபில்டர் மணலின் குணம். பெரிசும் சிறிசும் கலந்திருந்தால் சிறிசு பெரிசின் இடுக்கை அடைத்துக்கொள்ளும். சண்டையில் ஜெயித்தது நான் இல்லை, மொட்டை மாடியில் பெய்த மழை. அடுத்த வாரம் பார்த்தபோது அந்த எம்-சாண்ட் பாதி வடிகாலில் போயிருந்தது.

எங்கள் தொட்டிக்குக் கூழாங்கல்லும் மணலுமாகச் சுமார் 300 கிலோ பிடித்தது. மணலைக் கொட்டுவதற்கு முன்னால் தொட்டியைப் பாதி தண்ணீரால் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் 50 கிலோ மூட்டை விழுகிற வேகத்தில் புது லேட்டரலும் உடையும். நடுக்குழாயின் வாயைப் பாலித்தீன் பையால் கட்டிவிட வேண்டும். மணல் அதில் விழுந்தால் மறுபடி மேற்கு மூலையில் பீச் திறப்பு விழாதான். எல்லாம் முடித்து, பேக்வாஷ் விட்டு, இந்தத் தடவை ரின்ஸும் விட்டு, ஃபில்டரில் வைத்தோம். முள் 0.6. அந்த எண்ணைத் தொட்டியின் மேலேயே மார்க்கரால் எழுதினேன். கீழே 1.1 என்று இன்னொரு எண். முள் முதல் எண்ணிலிருந்து இரண்டாவதுக்கு ஏறினால்தான் பேக்வாஷ், அதுவரை தொடக் கூடாது. சுத்தமான அழுத்தத்துக்கு மேல் அரை கிலோ ஏறினால் கழுவு என்பது பொதுவான கணக்கு.

தம்பிக்கு இதை ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றார். "சும்மா இருக்கிற மாதிரி இருக்கு மேடம்." ஒன்பதாம் நாள் முள் 1.1 தொட்டது. "இப்ப விடு" என்றேன். குப்பியில் டீ நிறத்தில் தண்ணீர் போனது. இரண்டரை நிமிஷத்தில் தெளிந்தது. தம்பி முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

கைப்பிடி பற்றி ஒரு வார்த்தை. அந்த வால்வில் ஆறு நிலை உண்டு: ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ், வேஸ்ட், ரீசர்குலேட், க்ளோஸ்டு. மோட்டார் ஓடும்போது அதைத் திருப்பவே கூடாது. உள்ளே சிலந்தி வடிவத்தில் ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கிறது. ஓடுகிற தண்ணீரில் திருப்பினால் அது பிய்ந்துவிடும். பிய்ந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஃபில்டரில் வைத்திருக்கும்போதே கொஞ்சம் தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டே இருக்கும். குளத்து மட்டம் இறங்கும், எல்லாரும் "டைல்ஸில் லீக்" என்று முடிவு கட்டி லட்சக்கணக்கில் எஸ்டிமேட் வாங்குவார்கள். முதலில் கண்ணாடிக் குப்பியைப் பாருங்கள். ஃபில்டர் நிலையில் அதில் தண்ணீர் ஓடினால் கேஸ்கெட்தான். வெயிலில் ஆவியாவதா, கசிவதா என்ற சந்தேகம் இருந்தால் படிக்கட்டில் ஒரு வாளியை வைத்துத் தண்ணீர் நிரப்பி, உள்ளேயும் வெளியேயும் மட்டத்தைக் குறித்துவிட்டு ஒரு நாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது வெயில். குளம் அதிகமாக இறங்கினால் கசிவு.

முள் ஏறுவது ஒரு வகைத் தொல்லை என்றால், இறங்குவது வேறு வகை. ஏறினால் ஃபில்டரிலோ அதற்குப் பிறகோ அடைப்பு. இறங்கினால் பெரும்பாலும் மோட்டாருக்கு முன்னால் கோளாறு. எங்கள் குளத்தைச் சுற்றி கொன்றை மரம். பூக்கும் மாதத்தில் மோட்டாரின் முன்கூடை இரண்டே நாளில் மஞ்சளாக அடைந்துவிடும். அதைக் கொட்டினாலே முள் பழைய இடத்துக்கு வரும். கூடை சுத்தமாக இருந்தும் குளத்தில் தண்ணீர் திரும்பும் இடத்தில் குமிழ் குமிழாகக் காற்று வந்தால், உறிஞ்சும் பக்கம் எங்கேயோ காற்று நுழைகிறது. முதல் சந்தேகம் கூடை மூடியின் ஓ-ரிங். எங்களுடையதில் தேங்காயெண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். வாசலின் போடுகிறவர்களும் உண்டு. அது சில வகை ரப்பரை உப்ப வைத்துக் கெடுக்கும். சிலிக்கான் கிரீஸ் என்று ஒரு சின்னக் குழாய் கிடைக்கும், வருஷக்கணக்கில் வரும்.

ஒரு தடவை இதெல்லாம் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. கூடை சுத்தம், ஓ-ரிங் புதுசு, காற்றுக் குமிழ் இல்லை, மோட்டார் வழக்கம்போல ஓடுகிறது, முள் மட்டும் 0.2. பிளம்பர் வந்து குழாயை உடைத்துப் பார்க்க வேண்டும் என்றார். உடைக்கக் கிளம்பியவரை எங்கள் எலக்ட்ரீஷியன்தான் தடுத்தார். அறுபது வயசு, பேச்சு குறைவு.

"ஏம்மா, ரெண்டு நாள் முன்னாடி இ.பி.காரங்க கேபிள் மாத்தினாங்கல்ல?"

"ஆமா."

மோட்டாரின் பின்பக்கம் விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னார். விசிறி நிற்கப்போகும் நேரத்தில் கையால் காட்டினார். தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஒயர் இடம் மாறினால் திசை மாறிவிடும். இந்த மாதிரி பம்ப் எதிர்த் திசையில் சுற்றினாலும் தண்ணீரைத் தள்ளும், ஆனால் நோஞ்சானாகத் தள்ளும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு ஒயரை மாற்றிப் போட்டார். முள் 0.6. ஐந்து நிமிஷ வேலை, ஒரு டீ. அதற்குப் பிறகு மாடி மோட்டார்களையும் பார்த்தோம். அவற்றில் ஒன்றும் தலைகீழாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மோட்டார் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதும் ஒரு பெரிய வழக்கு. கரன்ட் பில்லைக் காட்டி நாலு மணி நேரமாகக் குறைத்திருந்தார்கள். குளம் 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர், 86,400 லிட்டர். மணிக்கு 14,400 என்றால் முழுத் தண்ணீரும் ஒரு சுற்று வர ஆறு மணி நேரம். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வடித்த தண்ணீர் வடிக்காத தண்ணீரோடு கலந்துகொண்டே இருப்பதால், ஒரு சுற்றில் வடிகட்டப்படுவது சுமார் 63 சதவீதம்தான். இரண்டாவது சுற்றில் 86, மூன்றாவதில் 95. நாலு மணி நேரம் ஓட்டுவது பாதிக் குளத்தைக் கழுவுவது. இப்போது காலையும் மாலையுமாகப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுகிறோம். பில் கூடியது உண்மை. குறைந்த லாரிகளின் காசு அதை ஈடுகட்டியது என்று கணக்கோடு காட்டியதும் வழக்கு முடிந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பம்ப் ரூமுக்குள் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் கரன்ட் இல்லை. முழுகிய மோட்டாரைக் கரன்ட் வந்த உடனே போடக் கூடாது. கழற்றிக் காயவைத்து, மெக்கர் வைத்துக் காப்பு சரியா என்று பார்த்த பிறகுதான். ஆக ஒன்பது நாள் ஓட்டம் நின்றது. குளம் பாசிப் பச்சையாகிவிட்டது. குழுவில் ஒரே அழுகை. அவர்களுக்கு நான் ரியோ கதையைச் சொன்னேன். 2016 ஒலிம்பிக்கில், உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது, டைவிங் குளம் ஒரே இரவில் பச்சையானது. யாரோ தவறுதலாக 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிவிட்டார்களாம். அது குளோரினை முறித்துவிட, பாசி வளர்ந்துவிட்டது. ஒலிம்பிக் குளத்துக்கே நேர்ந்தது, நமக்கு நேராதா?

பச்சையை எடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆசிட் விட்டு பிஎச்சை 7.2-க்கு இறக்கினோம். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஆசிட் வாளி பக்கம் குளோரின் வாளி வரவே கூடாது, இரண்டும் கலந்தால் வருவது விஷவாயு. அதேபோல ஒரு வகைக் குளோரின் இருந்த வாளியில் இன்னொரு வகையைப் போடாதீர்கள். மாத்திரையாக வரும் குளோரினும் தூளாக வரும் ஹைப்போகுளோரைட்டும் கலந்தால் வெடிக்கும். பிறகு சுவரையும் அடியையும் பிரஷால் தேய்த்து, ராத்திரியில் குளோரினை அதிகமாகப் போட்டு, மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டினோம். இப்போது முள் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை 1.1-ஐத் தொட்டது. தம்பி ஒரே நாளில் நாலு பேக்வாஷ் விட்டார். இங்கே அதுதான் சரி. மறுநாள் பச்சை சாம்பலாக மாறியது. செத்த பாசி. அதற்குப் படிகாரம் கரைத்து விட்டு, ரீசர்குலேட்டில் கொஞ்ச நேரம் சுற்றவிட்டு, மோட்டாரை நிறுத்தி ஒரு ராத்திரி படியவிட்டோம். ஊரில் கலங்கல் தண்ணீர்ப் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசுவாள் என் பாட்டி. மருந்து வேறு, வேலை அதே. காலையில் அடியில் படிந்ததை வேக்யூம் வைத்து, வால்வை 'வேஸ்ட்' நிலையில் வைத்து, நேரே வெளியே எடுத்தோம். இதை ஃபில்டர் வழியாக இழுத்திருந்தால் புது மணலும் போயிருக்கும்.

ஃபில்டரை இவ்வளவு புகழ்ந்தாலும் அதால் முடியாததும் உண்டு. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி 4 முதல் 6 மைக்ரான். மணலில் நழுவிவிடும், வழக்கமான அளவுக் குளோரினிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் குளத்துக்கு அனுப்பாதீர்கள். அந்தக் கிருமி என்று டாக்டர் சொன்னால், நின்ற பிறகும் இரண்டு வாரம் வேண்டாம்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அடுக்குமாடியில் குளம் இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். இன்று மாலை பம்ப் ரூமுக்குப் போய் மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். கேஜ் முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், குளோரின் வாங்கப் போகும் ஆளிடம் ஒரு கேஜும் வாங்கிவரச் சொல்லுங்கள். முதலில் அதை மாட்டுங்கள்.